99 சதவீதத் தூய்மையும் ஒரு சிறிய பீக்கும்: எல்-ட்ரிப்டோபான் நிகழ்வு ஆய்வு

1989 அக்டோபரில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மூன்று பெண்கள் ஒரே மாதிரியான கடும் தசைவலியுடன் மருத்துவர்களிடம் வந்தனர். மூவருடைய ரத்தத்திலும் ஈசினோஃபில் எனப்படும் வெள்ளையணுக்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெருகியிருந்தன. ஒட்டுண்ணித் தொற்றோ ஒவ்வாமையோ இருந்தால் இந்த அணுக்கள் கூடுவதுண்டு. இவர்களிடம் அப்படிப்பட்ட காரணம் எதுவும் அகப்படவில்லை. மருத்துவர்கள் தங்களுக்குள் கலந்து பேசியபோது தெரியவந்த பொதுத் தகவல் ஒன்றுதான்: மூவருமே மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கும் எல்-ட்ரிப்டோபான் மாத்திரைகளை எடுத்துவந்திருந்தனர்.

ட்ரிப்டோபான் என்பது பாலிலும் பருப்பிலும் இறைச்சியிலும் உள்ள அமினோ அமிலம். உடல் இதைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற்றாக வேண்டும். மூளையில் செரட்டோனின் உருவாவதற்கு இதுவே மூலப்பொருள் என்பதால், தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மாதவிடாய்க்கு முந்தைய உபாதைகளுக்கும் நல்லது என்று அன்றைய அமெரிக்காவில் இது பரவலாக விற்றது. உணவில் இயல்பாகவே இருக்கும் பொருள் தீங்கு செய்யாது என்ற எண்ணம் விற்பவர்களிடமும் இருந்தது, வாங்குபவர்களிடமும் இருந்தது.

செய்தி வெளியே வர நெடுநாள் ஆகவில்லை. 'ஆல்புகெர்க்கி ஜர்னல்' நாளிதழின் செய்தியாளர் டேமர் ஸ்டீபர் இதைத் தொடர்ந்து எழுதினார். அந்தச் செய்திகளுக்காக அவருக்கு 1990-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. நவம்பரிலேயே பொது எச்சரிக்கை விடுத்து, அடுத்த சில நாட்களில் ட்ரிப்டோபான் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. 1990 மார்ச்சில் அந்த உத்தரவு ஏறத்தாழ எல்லா ட்ரிப்டோபான் தயாரிப்புகளுக்கும் விரிந்தது. நோய்க்கு ஈசினோஃபிலியா-மயால்ஜியா நோய்க்குறி என்று பெயரிடப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர்களில் பலருக்குத் தோல் இறுகுவதும் நரம்புப் பாதிப்பும் தசைப்பிடிப்பும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவர்கள் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் மரண எண்ணிக்கை அன்று. நோயை உண்டாக்கிய தூள் கலப்படப் பொருளாகவோ மலிவுச் சரக்காகவோ இருக்கவில்லை. அமெரிக்க மருந்துத் தரநூலான யு.எஸ்.பி. கேட்ட 98.5 சதவீதத் தூய்மையை அது தாண்டியே இருந்தது. உடன் வந்த பகுப்பாய்வுச் சான்றிதழில் பொய் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. சோதனைக்கூடம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொல்லியிருந்தது.

லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு

அன்று அமெரிக்காவில் விற்ற ட்ரிப்டோபான் முழுவதும் ஜப்பானைச் சேர்ந்த ஒருசில நிறுவனங்களின் நொதித்தல் தொட்டிகளிலிருந்தே வந்தது. ஜப்பானில் தூளாகத் தயாராகி, இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, மாத்திரை அடிக்கும் நிறுவனம், பிராண்ட் பெயர் ஒட்டுபவர் என்று கைமாறி, கடைசியில் கடை அலமாரிக்கு வந்து சேரும்போது, அது யார் தயாரித்த தூள் என்பது வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் தெரியாது. ஆய்வாளர்கள் நோயாளிகளின் வீடுகளில் எஞ்சியிருந்த பாட்டில்களின் லாட் எண்களை, அதாவது ஒரே தொகுதியாக வந்த சரக்குக்கு இடும் அடையாள எண்களை, எடுத்துக்கொண்டு, கைமாறிய ஒவ்வோர் இடத்தின் பதிவேட்டையும் புரட்டிப் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. தடமறிதல் என்று நாம் தணிக்கையின்போது சலிப்போடு நிரப்பும் பதிவேட்டின் மதிப்பு, இப்படி ஒரு நாளில்தான் தெரியவரும்.

அந்தத் தடம் ஷோவா டெங்கோ என்ற ஒரே நிறுவனத்தில் போய் நின்றது. ஆரெகன் மாநிலத்திலும் மினசோட்டா மாநிலத்திலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் இரண்டும் அதே முடிவுக்கு வந்தன. மினசோட்டா ஆய்வில், மூலத் தயாரிப்பாளர் யார் என்று கண்டறிய முடிந்த 30 நோயாளிகளில் 29 பேர் அந்த நிறுவனத்தின் தூளை உட்கொண்டிருந்தனர். ட்ரிப்டோபான் எடுத்தும் நோய் வராத 35 பேரில் அதை உட்கொண்டவர்கள் 21 பேர். இந்த இரண்டாம் எண்ணையும் கவனிக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் தூளை உண்டும் பலருக்கு எதுவும் நேரவில்லை என்றால், அந்நிறுவனத்தின் எல்லா லாட்டுகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை என்றுதான் முதலில் ஐயுற வேண்டும். ஆகவே ஆய்வு, நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு முறை தயாரித்த சரக்கின் விவரத்தையும் தனித்தனியே குறிக்கும் அதன் பேட்ச் பதிவேடுகளுக்குள் நுழைந்தது.

தொட்டியிலும் வடிகட்டியிலும் மாறியவை

ஷோவா டெங்கோ, பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு ட்ரிப்டோபானைத் தயாரித்தது. மகசூலைக் கூட்டுவதற்காக அந்தப் பாக்டீரியா வகை அவ்வப்போது மாற்றப்பட்டுவந்தது; மரபணு மாற்றத்தால் உருவாக்கப்பட்ட ஐந்தாம் வகை 1988 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சுத்திகரிப்பிலும் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. சுத்திகரிப்பின் ஒரு படிநிலையில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் 20 கிலோவோ அதற்கு மேலோ போடப்பட்டுவந்த கிளர்வூட்டிய கரித்தூள், 1989-இல் பல பேட்ச்சுகளில் 10 கிலோவாகக் குறைக்கப்பட்டது. எதிர்ச் சவ்வூடு பரவல் வடிகட்டி, அதாவது நம் வீட்டுக் குடிநீர்க் கருவிகளால் ஆர்.ஓ. என்று எல்லோருக்கும் பழகிப்போன அதே தத்துவத்தில் இயங்கும் வடிகட்டி, சில பேட்ச்சுகளில் ஒரு பகுதிக் கரைசலுக்குத் தவிர்க்கப்பட்டது.

உற்பத்திப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு சாதாரணமாகத் தோன்றியிருக்கும் என்பது எளிதில் விளங்கும். புதிய பாக்டீரியா அதிகப் பொருள் தருகிறது. கரியைக் குறைத்தால் செலவு குறைகிறது, கரியோடு ஒட்டிப் போகும் ட்ரிப்டோபானும் மிச்சமாகிறது. இறுதித் தூளைச் சோதித்தால் தூய்மை அளவு இறங்கவில்லை. மாற்றத்தை ஏற்பதற்கு வேறென்ன வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் கரி என்பது, நாம் பெயர் வைத்துத் தேடும் மாசுகளை மட்டும் நீக்கும் பொருள் அன்று. நமக்குத் தெரியாதவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதே அதன் வேலை. அப்படிப்பட்ட படிநிலையைத் தளர்த்திவிட்டு, தெரிந்த பொருளின் அளவை மட்டும் அளந்து நிறைவடைவது, கதவைத் திறந்துவைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணிப் பார்ப்பதற்குச் சமம்.

மினசோட்டா ஆய்வு, பேட்ச் விவரங்களை நோயாளிகளின் விவரங்களோடு ஒப்பிட்டபோது, குறைந்த கரியும் ஐந்தாம் வகைப் பாக்டீரியாவும் இரண்டுமே நோயோடு தொடர்புகொண்டிருந்தன. ஆனால் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே பேட்ச்சுகளில் சேர்ந்தே நிகழ்ந்திருந்ததால், இரண்டில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பாக்டீரியாவையும், ஆதரிப்பவர்கள் கரியையும் குற்றம் சொல்லி நெடுங்காலம் வாதிட்டதற்கு இதுவே அடித்தளம். என் கணிப்பில் இந்த வாதத்தைக் காட்டிலும், வாதம் தீர முடியாமல் போன காரணமே தரக் கட்டுப்பாட்டுக்கு முக்கியமானது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்துவிட்டால், பின்னால் விபரீதம் நேரும்போது எதைத் திருத்துவது என்று தயாரிப்பாளருக்கே தெரியாது. தயாரிப்பில் எந்த மாற்றத்தையும் ஆராய்ந்து ஒப்புதல் பெற்ற பின்னரே செய்ய வேண்டும் என்னும் மாற்றக் கட்டுப்பாடு என்ற நடைமுறை, வேலையைத் தாமதப்படுத்தும் வெறும் கையெழுத்துச் சடங்கு என்று உற்பத்திப் பிரிவினர் அலுத்துக்கொள்வது வழக்கம். அந்தத் தாமதம் எதற்காக என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சான்றிதழ் ஏன் பேசவில்லை

அமினோ அமிலங்களின் அளவைக் கணிக்க மருந்துத் தரநூல்கள் மரபாகக் கையாண்டுவந்த முறை, பெர்குளோரிக் அமிலத்தைக் கொண்டு செய்யும் தரம்பார்த்தல். மாதிரியில் உள்ள காரத்தன்மையுள்ள அமினோ தொகுதிகளோடு அந்த அமிலம் வினைபுரிகிறது. செலவான அமிலத்தின் அளவைக்கொண்டு இத்தனை சதவீதம் ட்ரிப்டோபான் என்று கணக்கிடுகிறோம். துல்லியமான, செலவு குறைந்த, பல்லாண்டுகள் பழகிய முறை இது. இதன் எல்லை வேறிடத்தில் இருக்கிறது: ட்ரிப்டோபானிலிருந்தே பிறந்து, அதே அமினோ தொகுதியைத் தாங்கிநிற்கும் வேறொரு மூலக்கூறு இருந்தால், அதையும் இந்த முறை ட்ரிப்டோபான் கணக்கிலேயே சேர்த்துவிடும். 2008-இல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்தவர்கள், புரதத்துக்குப் பதிலாக நைட்ரஜனை அளக்கும் சோதனையின் இதே வகைக் குறையைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டனர். ஷோவா டெங்கோ நிகழ்வில் வஞ்சனை எதுவும் தேவைப்படவில்லை. வேதியியல் தானாகவே அந்த இடைவெளிக்குள் புகுந்துகொண்டது.

வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தது எச்.பி.எல்.சி. எனப்படும் திரவ நிறப்பிரிகைக் கருவி. கரைசலில் உள்ள பொருட்களை இது ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து வெளியேற்ற, ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு மேடாக, சோதனைக்கூட வழக்கில் ஒரு பீக்காகத் தோன்றும். ஐயத்துக்குரிய தூளில் ட்ரிப்டோபானின் பெரிய பீக்குக்கு அக்கம்பக்கத்தில் மிகச் சிறிய பீக்குகள் பல இருந்தன. மினசோட்டா ஆய்வில் அவற்றுள் ஒன்று நோயாளிகள் உட்கொண்ட 12 சில்லறை லாட்டுகளில் 9-இலும், நோய் வராதவர்கள் உட்கொண்ட 11 லாட்டுகளில் 3-இலும் காணப்பட்டது. அதற்கு பீக் ஈ என்று பெயரிட்டனர்.

பீக் ஈ எது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. இரண்டு ட்ரிப்டோபான் மூலக்கூறுகள், நொதித்தலில் உண்டாகும் அசிட்டால்டிஹைடின் துணையோடு ஒன்றாகப் பிணைந்து உருவான சேர்மம் அது. ஆய்வாளர்கள் சுருக்கமாக ஈ.பி.டி. என்கின்றனர். யு.வி.-5 என்ற இன்னொரு பீக், 3-பீனைல்அமினோ அலனின் என்று அடையாளம் காணப்பட்டபோது, பழைய ஒரு பேரிடர் நினைவுக்கு வந்தது. 1981-இல் ஸ்பெயினில், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று அனிலின் என்ற வேதிப்பொருள் கலந்து விற்கப்பட்ட கடுகினத்து எண்ணெய் ஒன்றைச் சுத்திகரித்துச் சமையல் எண்ணெயாக விற்றதில், ஏறத்தாழ 20,000 பேர் நோயுற்று 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நோயின் அறிகுறிகளும் இதனோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருந்தன; அந்த எண்ணெயில் இருந்த அனிலின் வழிப் பொருட்களும் இந்த பீக்கும் வேதியியல் உறவுடையவை.

இருந்தும், நோயை உண்டாக்கியது இவற்றுள் இன்ன சேர்மந்தான் என்று உறுதியாகச் சொல்லும் நிலை இன்றுவரை வரவில்லை. விலங்குச் சோதனைகளில் ஈ.பி.டி. சில தசை மாற்றங்களை உண்டாக்கியது. ஆனால் மனிதர்களிடம் கண்ட நோயை அது முழுமையாக மறுபடி உண்டாக்கவில்லை. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பழைய லாட்டுகளை ஆராய்ந்து, ஏஏஏ என்று பெயரிடப்பட்டிருந்த மற்றொரு பீக்கின் அமைப்பை ஆய்வாளர்கள் 2018-இல்தான் வெளியிட்டனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மாதிரி கையிருப்பில் இருந்ததால்தான் அந்த ஆய்வு நடந்தது. கிடங்கில் இடத்தை அடைக்கிறது என்று இருப்பு மாதிரிகளைத் தூக்கி எறியச் சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

இப்போதைய விதிகள் இதைப் பிடித்திருக்குமா

பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்கு உடனே ஆம் என்பார்கள். நான் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். மருந்து விதிகளை நாடுகளிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.எச். என்ற அமைப்பு மருந்து மூலப்பொருட்களின் மாசுகளுக்காக வகுத்த க்யூ3ஏ வழிகாட்டியின்படி, நாளொன்றுக்கு 2 கிராம் வரை உட்கொள்ளும் மருந்தில் 0.10 சதவீதத்தைத் தாண்டும் மாசு இன்னது என்று அடையாளம் காணப்பட வேண்டும். உட்கொள்ளும் அளவைப் பொறுத்து அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கலாம். பீக் ஈ போன்றவையோ மொத்த எடையில் 0.1 சதவீதத்துக்கும் வெகு கீழே இருந்தவை. போதாக்குறைக்கு, நொதித்தலால் பெறப்படும் பொருட்களை அந்த வழிகாட்டி தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவே மருந்துத் துறையின் கண்டிப்பான வரம்பை, ட்ரிப்டோபான் மாத்திரை போன்ற துணைச் சத்துப்பொருட்களான சப்ளிமெண்ட்டுகளுக்கும் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம், இந்த நிகழ்வைப் பொறுத்தவரை, பாதிதான் உண்மை.

பிடித்திருக்கக்கூடியது வேறொன்று. மாற்றத்துக்கு முந்தைய பேட்ச்சுகளின் நிறப்பிரிகை வரைபடத்தையும் பிந்தையவற்றின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால், முன்பு இல்லாத பீக் அளவில் எத்தனை சிறியதாக இருந்தாலும் புதியது என்ற முறையில் கண்ணில் பட்டிருக்கும். இதற்கு எந்தச் சதவீத வரம்பும் தேவையில்லை. நேற்றைய வரைபடத்தைப் பத்திரப்படுத்தும் பழக்கமும், புதிதாக வந்தது எது என்று கேட்கும் அதிகாரமும் தரப் பிரிவுக்கு இருந்தால் போதும்.

சட்டம் வேறு பாதையில் சென்றது. ட்ரிப்டோபான் பேரிடர் நிகழ்ந்து ஐந்தே ஆண்டுகளில், 1994-இல், அமெரிக்க நாடாளுமன்றம் சப்ளிமெண்ட்டுகளை உணவு வகையில் நிலைநிறுத்தும் சட்டத்தை இயற்றியது. விற்பனைக்கு முன் பாதுகாப்பை மெய்ப்பிக்கும் கடமை, மருந்துகளுக்கு இருப்பதுபோல் இவற்றுக்கு இல்லாமல் போனது. நல்ல உற்பத்தி நடைமுறைக்கான தனி விதிகளை எஃப்.டி.ஏ. 2007-இல் வெளியிட்டது, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 2008 முதல் 2010 வரை படிப்படியாக அவை நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி, மாத்திரையில் சேரும் ஒவ்வொரு சத்துப்பொருளின் அடையாளத்தையும் தயாரிப்பாளரே குறைந்தது ஒரு சோதனையாலாவது உறுதிசெய்ய வேண்டும். அடையாளத்துக்கு வெளியே உள்ள பிற தரக்கூறுகளுக்கு, வழங்குபவரின் நம்பகத்தை முன்பே சரிபார்த்திருந்தால், அவருடைய சான்றிதழை ஏற்கலாம். இந்தச் சலுகையைத்தான் தொழிலில் பலர் விதியாகவே எடுத்துக்கொண்டுவிட்டனர்.

விதிகள் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த அதே 2008-இல் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். டோட்டல் பாடி ஃபார்முலா என்ற திரவ சப்ளிமெண்ட்டில், மூலப்பொருள் சேர்க்கையில் நேர்ந்த தவறால், லேபிளில் குறிப்பிட்டதைப்போல் சுமார் 200 மடங்கு செலினியம் என்ற தாதுச்சத்து இருந்தது. 10 மாநிலங்களில் 201 பேருக்கு முடி உதிர்தல், நகச் சிதைவு, வயிற்றுப்போக்கு, மூட்டுவலி ஆகியவை கண்டன. இது ட்ரிப்டோபானைப் போன்ற நுட்பமான தவறு அன்று. பாட்டிலில் அடைத்த சரக்கை விற்பனைக்கு அனுப்புமுன் ஒரே ஒருமுறை செலினியத்துக்காகச் சோதித்திருந்தாலே தெரிந்திருக்கும். தெரிந்த கேள்வியைக் கேட்காமல் விடுவது ஒரு வகைத் தோல்வி. அதற்குச் சோதனை அட்டவணையைத் திருத்தினால் போதும். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்றே தெரியாதிருப்பது இன்னொரு வகை. அட்டவணையை எத்தனை நீட்டினாலும் அது தீராது.

இரண்டாம் வகை மீண்டும் ஜப்பானிலேயே நிகழ்ந்தது. கொழுப்பைக் குறைக்கும் என்று விற்ற, பெனி கோஜி எனப்படும் சிவப்புப் பூஞ்சையில் நொதித்த அரிசியால் ஆன மாத்திரைகளை, கோபயாஷி மருந்து நிறுவனம் 2024 மார்ச் 22 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சிறுநீரகப் பாதிப்பு பற்றி மருத்துவர்களிடமிருந்து ஜனவரியிலேயே தகவல் வரத் தொடங்கியிருந்தது. சிவப்பு அரிசித் தயாரிப்புகளில் எல்லோரும் அஞ்சுவது சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சை. நிறுவனம் கையாண்ட பூஞ்சை வகை சிட்ரினினை உண்டாக்காதது. சோதனையிலும் அது தென்படவில்லை. தென்பட்டது, எச்.பி.எல்.சி. வரைபடத்தில் பெயர் தெரியாத ஒரு பீக். அது பியூபெரூலிக் அமிலம் என்பதும், தொழிற்சாலைக்குள் புகுந்த பென்சிலியம் வகை நீலப் பூஞ்சை ஒன்று அதை உண்டாக்கியது என்பதும், எலிகளின் சிறுநீரகத்தை அது பாதிக்கிறது என்பதும் அரசு ஆய்வகங்களின் சோதனைகளில் பின்னர் உறுதியாயின.

நிறுவனத்துக்கு வெளியே உள்ள வழக்கறிஞர்களைக் கொண்டு நடத்தப்பட்ட விசாரணையின் அறிக்கை அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. வளர்ப்புத் தொட்டி மூடியின் உட்புறத்தில் நீலப் பூஞ்சை ஒட்டியிருந்ததைத் தொழிலாளர்கள் கண்டு தரக் கட்டுப்பாட்டுப் பணியாளரிடம் சொன்னபோது, நீலப் பூஞ்சை ஓரளவு கலப்பதுண்டு என்ற பொருளில் அவர் பதில் கூறியதாக அதில் பதிவாகியிருந்தது. இங்கே கருவி வேண்டியிருக்கவில்லை, வேதியியல் அறிவும் வேண்டியிருக்கவில்லை. கண்ணால் கண்டதை விலகல், அதாவது வகுத்த முறையிலிருந்து பிறழ்ந்தது, என்று எழுதி, அந்த பேட்ச்சை நிறுத்திவைக்கும் வழக்கம் மட்டுமே வேண்டியிருந்தது.

ஜப்பான் அரசு 2024 செப்டம்பரில் விதிகளை மாற்றியது. உடல்நலப் பயன் தரும் என்று சொல்லி, செயல்பாட்டு உணவு என்ற பெயரில் விற்கும் பொருட்களால் உடல்நலக் கேடு நேர்ந்ததாக மருத்துவர் கருதினால், அதை நிறுவனம் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று; மாத்திரை, கேப்சூல் வடிவில் வருபவற்றுக்கு நல்ல உற்பத்தி நடைமுறையும் இரண்டு ஆண்டு அவகாசத்துடன் கட்டாயமாக்கப்பட்டது. விலகல் பதிவேடு அந்த நடைமுறையின் ஒரு பகுதி. தொட்டி மூடியில் கண்டது அதில் ஏறுமா என்பது, பேட்ச்சை நிறுத்தச் சொல்லும் பணியாளர் உற்பத்தி மேலாளருக்குக் கீழே இருக்கிறாரா, அவருக்குக் கட்டுப்படாமல் தனியே இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அந்த அமைப்பை ஒவ்வொரு நிறுவனமும் தானேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.